வெளியே வராத 1.0

உங்கள் ஃபோனில் இருக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் 1.0, 2.3.1 என்று ஒரு பதிப்பு எண் உண்டு. அந்த எண்ணை வைப்பது யார்?

முதலில் நியூ ஜெர்சிக்குப் போவோம். யுனிக்ஸ் பிறந்தது மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில். அங்கே எண் போட்டது மென்பொருளுக்கு அல்ல, அதன் கையேட்டுக்கு. முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. 1979இல் ஏழாவது கையேட்டோடு வந்த யுனிக்ஸை இன்றும் 'ஏழாம் பதிப்பு' என்றே சொல்கிறார்கள்.

அடுத்தது டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய லினக்ஸ் திட்டம் இது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். வேலை செய்தவர்கள் தன்னார்வலர்கள்.

அப்போது இணைய வேகம் குறைவு. பலர் லினக்ஸை சிடியில்தான் வாங்கினார்கள். 1995 நவம்பரில் இன்ஃபோமேஜிக் என்ற சிடி நிறுவனம், பாதி வேலையில் இருந்த டெபியனைத் தவறுதலாக '1.0' என்று பெயரிட்டு விற்றுவிட்டது. அது சரியாக ஓடுமா என்பதே சந்தேகம். வாங்கியவர்கள் யாரைக் குறை சொல்வார்கள்? டெபியனைத்தான். அதனால் டெபியன் குழு 1.0 என்ற எண்ணையே கைவிட்டது. 1996 ஜூனில் வந்த முதல் முழுப் பதிப்பின் எண் 1.1.

அதன் பெயர் 'பஸ்'. ஆமாம், டாய் ஸ்டோரி பஸ்தான்! அப்போது திட்டத்தின் தலைவரான புரூஸ் பெரன்ஸ், பே ஏரியாவில் பிக்ஸாரில் வேலை பார்த்தார். வேலை முடியும் வரை எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொன்னால், யாரும் அவசரப்பட்டு எண் ஒட்ட முடியாது. எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் பதிப்புக்குப் பெயர் 'சிட்', பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்!

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வரும். லோஹித் தமிழ் எழுத்துருவும் அப்படித்தான். பொதியின் எண் 2.5-3 என்றால், 2.5 மூல ஆசிரியர் வைத்தது. கோட்டுக்குப் பின் உள்ள 3, பொதி கட்டியவர் வைத்தது. 1.0~1 என்று எழுதினால் அது 1.0ஐ விடச் சிறியது, இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இந்தச் சின்னக் குறிகள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன: எந்த வேலை யாருடையது, அது முடிந்ததா இல்லையா. சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களுக்கு அந்த நம்பிக்கைதான் சொத்து.