செயல்நினைவின் அளவும் மூளையின் அமைப்பும்

குழந்தையின் செயல்நினைவுக்கும் அதன் மூளையின் அமைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதை மறுப்பார் இக்காலத்தில் இலர். எனினும், அச்சம்பந்தம் எத்துணைப் பெரிது என்று வரையறுக்கப் புகுவோர், தாம் கைக்கொண்ட அளவுகோல்கள் எவற்றை அளக்கின்றன என்பதை முதற்கண் விசாரித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கொள்கை. செய்திகளைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி, நிறுத்தியபடியே அவற்றைக் கையாளும் சக்தியை ஈண்டுச் செயல்நினைவு என்கிறோம்.

1887இல் ஜோசப் ஜேகப்ஸ் லண்டன் பள்ளி மாணவியரிடம் எண்களைச் சொல்லி, கேட்ட வரிசையிலேயே திருப்பிச் சொல்லச் செய்து, பிராயம் ஏற ஏற அவ்வரிசையின் நீளமும் ஏறுவதைக் கண்டார். இவ்வெளிய பரீட்சை பின்னர் அறிவுச் சோதனைகள் பலவற்றிலும் இடம்பெற்றது. ஆயினும், 1974இல் பேட்லியும் ஹிட்சும் வகுத்த கொள்கைப்படி, ஒலிகளை உள்ளுக்குள் மீட்டித் தாங்கும் கூறு வேறு, காட்சிகளைத் தாங்கும் கூறு வேறு, கவனத்தைப் பங்கிட்டு இவ்விரண்டையும் நடத்தும் கூறு வேறு; ஆதலின் எண்களைக் கேட்டபடியே சொல்லுதல் பெரும்பாலும் முதற்கூற்றைச் சோதிக்க, அவற்றைத் தலைகீழாகச் சொல்லுதல் மூன்றாவதையும் உடன் சோதிக்கிறது. அன்றியும், வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தோர் வேல்ஸ் எண்களில் குறைந்த வரிசையையே நினைவுகூர்ந்ததற்கு, அவ்வெண்களை உச்சரிக்க நேரம் மிகுதியாவதே காரணம் என்று 1980இல் எல்லிஸும் ஹென்னெல்லியும் காட்டினர். ஒரே மூளை மொழிக்கு ஒரு மதிப்பெண் பெறுமாயின், அவ்வேற்றுமையை மூளையின் அமைப்பில் தேடுவது எங்ஙனம் பொருந்தும்?

மூளைப் பக்கத்து அளவிலும் இத்தகைய சிக்கல்கள் உள. 2004இல் ஸ்டாக்ஹோமில் கிளிங்பெர்க் குழுவினர், நெற்றி மடலையும் பக்கவாட்டு மடலையும் சார்ந்த, நரம்பிழைகளாலான வெண்பொருளின் முதிர்ச்சி, சிறுவர்தம் செயல்நினைவோடு ஒத்துச் செல்வதைக் கண்டனர். ஆனால் பிராயம் இரண்டையும் ஒருங்கே வளர்ப்பது. முற்றத்து மாங்கன்றும் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உயர்வது கண்டு ஒன்றற்கு மற்றொன்று காரணம் என்பார் இலர். மேலும், பருவம் ஏறுங்கால் வெண்பொருள் பெருக, மூளையின் மேலடுக்கான புறணியோ மெலிகிறது. 307 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2006இல் ஷாவும் பிறரும் கண்டதும், நுண்ணறிவோடு நெருங்கியது புறணியின் தடிப்பன்று, அத்தடிப்பு ஆண்டுதோறும் மாறும் முறையே என்பதாம். இன்னும், படம் எடுக்கையில் தலையை அசைக்கும் சிறுவனது புறணி, உள்ளதினும் மெலிந்ததாகத் தோன்றும். அவ்வமைதியின்மையே பரீட்சையிலும் அவன் மதிப்பெண்ணைக் குறைக்குமாயின், இல்லாத சம்பந்தம் ஒன்று இருப்பதுபோல் தோன்றிவிடும்.

அமெரிக்காவில் 9, 10 வயதினர் ஏறத்தாழ 11,800 பேரைச் சேர்த்துத் தொடங்கிய பேராய்வில், வயது வேற்றுமை தரும் மயக்கம் பெரிதும் நீங்குகிறது. அத்தரவையும் பயன்படுத்தி 2022இல் மாரெக் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், மூளை அளவுகளுக்கும் அறிவாற்றல், மனநலம் முதலியவற்றுக்கும் இடையே மறுசோதனையிலும் நிலைத்த ஒட்டுறவுகளுள் (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் நெருக்கம்; முழு நெருக்கத்துக்கு 1) மிகப் பெரியதே 0.16 ஆயிற்று; அது விளக்கும் வேற்றுமை நூற்றுக்கு மூன்றிலும் குறைவு.

இதனால் மூளைக்கும் நினைவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிப்பது தவறான அநுமானம். ஏனெனில், அளவையின் பிழை ஒட்டுறவைச் சுருக்கிக் காட்டும் என்று ஸ்பியர்மன் 1904இலேயே நிறுவினார். ஆகவே, ஒரு பரீட்சையின் மதிப்பெண்ணை நம்பாது, பல பரீட்சைகளுக்குப் பொதுவாய் நிற்கும் கூற்றைப் பிரித்தெடுப்பதும், ஒரே குழந்தையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளப்பதுமே தக்க நெறிகள். ஆயிரக்கணக்கானோரிடம் இத்துணைச் சிறிதாய் வெளிப்படும் சம்பந்தத்தைக் கொண்டு, ஒரு தனிக் குழந்தையின் மூளைப் படத்தைப் பார்த்து அதன் நினைவாற்றலுக்கு எல்லை வகுப்பது, இன்றுள்ள பிரமாணங்கள் தாங்காத துணிபாகும்.