செய்தவர் பெயர் இல்லாத வரலாறு



மறைந்த போராளிகளை நினைவுகூரும் மேடை இது. அவர்களைப் போன்றவர்கள் பள்ளிப் பாடத்தில் எப்படி நினைக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

உயர்நிலை வகுப்புகளின் வரலாற்றுப் பாடத்தில் ஒருவகை வாக்கியம் நமக்குப் பழகிப்போய்விட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, கோயில்கள் திறந்துவிடப்பட்டன, ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வி அளிக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவர் பெயர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். கோயிலை அதுவரை பூட்டி வைத்திருந்தவர் யார்? திறக்கச் சொல்லி அடிவாங்கியவர் யார்? வகுப்பில் யாரும் கேட்பதில்லை. தேர்விலும் கேள்வி வருவதில்லை.

மகாத் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொதுக் குளம், கிணறு, பள்ளி ஆகியவற்றைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் எஸ்.கே. போலே. மகாத் நகராட்சியும் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. பாடம் இந்த இடத்தில் நின்றுவிட்டால், உரிமை வழங்கப்பட்டது என்று மாணவர் எழுதிவிடுவார். ஆனால் சவதார் குளத்தில் யாராலும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று நீர் அருந்தினார்கள். அதற்காகத் தாக்கப்பட்டார்கள். சாணமும் கோமியமும் கலந்து குளம் "புனிதப்படுத்தப்பட்டது". நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937இல். தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகள். வகுப்பில் சொல்லித்தர வேண்டிய வரலாறு அந்த 14 ஆண்டுகள்தான்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்திருந்த அந்த நாட்டில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கிய அய்யன்காளி பள்ளிக்கூடம் போகாதவர். கூலிக்காக மட்டுமல்லாமல் பள்ளிக்காகவும் விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய அந்த வேலைநிறுத்தம் இந்திய வரலாற்றில் பெரிய நிகழ்வு. நம் பாடத்தில் அதற்கு எத்தனை வரிகள்?

இடம்பிடித்த வரிகளும் நிலைப்பதில்லை. மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், திருவிதாங்கூர் நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதி இருந்தது. அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 இறுதியில் சிபிஎஸ்இ அறிவித்தது. 2019இல் ஆடை வரலாறு பற்றிய அந்தப் பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். யாருடைய வரலாறு முதலில் சுமையாகத் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இது வெறும் பாடநூல் பிரச்சினை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு பற்றி நிறையப் பேசினோம். கயிற்றை அறுப்பது அவசியம். கயிறு கட்டிய பையன் வரலாற்று வகுப்பில் என்ன படித்தான் என்றும் கேட்க வேண்டும். உரிமை என்பது யாரோ கொடுத்த சலுகை என்று படித்தவனுக்கு, தன் அருகில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் சலுகையில் வந்தவனாகத்தான் தெரிவான். அதே பாடத்தைப் படிக்கும் தலித் பிள்ளையோ, தன் பாட்டன் பாட்டி எதையும் செய்யாதவர்கள் என்று நம்பித் தலை குனிகிறாள்.

ஆசிரியர்களாகப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பாடமானாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்யுங்கள். இதைச் செய்தது யார்? தடுத்தது யார்? ஆணை வந்த நாளுக்கும் அது நடப்புக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு 1950இல் தீண்டாமையை ஒழித்தது. உங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை எந்த ஆண்டு போனது? சுடுகாட்டுக்குப் பாதை எப்போது கிடைத்தது, கிடைத்ததா? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வகுப்பில் தலித் பிள்ளையை எழுப்பி, உன் அனுபவத்தைச் சொல் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நம் பாடத்துக்கான சான்று இல்லை. தடுத்தவர்களின் வரலாற்றைத் தடுத்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து தேட வேண்டும். வெட்கப்படுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக.

பாடநூல் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் நடந்த ஒரு போராட்டத்தை, பங்கெடுத்தவர்களின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி, அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு இதே அவையில் அவற்றைச் சேர்த்து வாசிப்போம்.

ஜெய் பீம்.