பெரிய வாய்க்கால் முதல் புதுநகர் வரை

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் சாக்கடைக்கு ஒளிவுமறைவு கிடையாது. செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் வீடுகள், மேற்கே தமிழர் தெருக்கள் என்று ஊரை இரண்டாகப் பிரித்ததும் அதுதான். நாற்றமும் கொசுவும் இருந்தாலும், திறந்த வாய்க்கால் என்பதால் அதில் கிளம்பிய வாயு காற்றோடு கலந்து போய்விடும்.

நல்ல தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக நிற்பதுதான் ஆயி மண்டபம். அழுக்குத் தண்ணீருக்கு அப்படி ஒரு கவனம் கிடைக்கவில்லை. நாடெங்கும் போலவே, மலம் அள்ளும் வேலை சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டது.

மூடிய குழியில் மரணம் இருப்பதைப் பிரான்ஸ் முன்பே அறிந்திருந்தது. பாரிஸில் மலக்குழி அள்ளியவர்களுக்குக் கண் எரிந்து பார்வை மங்கும். சிலர் மூச்சடைத்து அங்கேயே விழுவார்கள். உருளைக்கிழங்கைப் பரப்பியதால் பெயர்பெற்ற பர்மாந்தியே, வேறு இருவருடன் சேர்ந்து 1778-இல் இந்தக் குழிகளை ஆராய்ந்து எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் வேதியியலாளர் ஷீலே ஆராய்ந்த ஹைட்ரஜன் சல்பைடுதான் முக்கியக் குற்றவாளி.

காற்றில்லாத குழாயில் தேங்கும் கழிவில் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சிதைக்கும்போது இந்த வாயு பிறக்கிறது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். 1,000 பங்கானால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தது. பின்னர் ஊர் மேற்கே பரந்தது. பாதாளச் சாக்கடையும் கூடவே போனது. குழாய் தெருவோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்தது. குழாய்க்கும் குடியிருப்பவருக்கும் இடையே இருக்கும் காவல், கழிவறை வளைவில் தேங்கி நிற்கும் ஒரு சாணுக்கும் குறைவான தண்ணீர்தான். வளைவு இல்லாவிட்டாலோ, தண்ணீர் வற்றினாலோ, உள்ளே அழுத்தம் கூடினாலோ வாயு நேராக அறைக்குள் ஏறும்.

2024 ஜூன் 11 காலை. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறைக்குப் போன மூதாட்டி விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தார். காப்பாற்றப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியும் மூச்சுத் திணறினாள். மூவரும் பிழைக்கவில்லை.

இதற்கு முன்பே சாக்கடைச் சாவுகள் நீதிமன்றம் வரை போயிருந்தன. சாக்கடைக்குள் இறங்கி இறந்த தொழிலாளர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 1993, 2013 சட்டங்கள் தடுக்கின்றன. ஆனாலும் தொழிலாளர்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சாவுகளை யாரோ சிலருடைய விதி என்று ஊர் ஒதுக்கிவைத்ததன் விலையைப் புதுநகர் கொடுத்தது.

வாயு வெளியேறக் காற்றுக்குழாய், ஒவ்வொரு இணைப்பிலும் நீர்வளைவு, வாயுவை அளக்கும் கருவி: இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல. நகராட்சியும் பொதுப்பணித்துறையும் வீடு வீடாகச் சோதித்து இவற்றை உறுதிசெய்ய வேண்டும். கழிவறையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வீட்டை விட்டு வெளியேறித் தகவல் சொல்லுங்கள். உள்ளே யாராவது விழுந்துகிடந்தால், மூச்சுக்கருவி இல்லாமல் பின்னால் நுழையாதீர்கள். தீயணைப்புத் துறையை உடனே அழையுங்கள்.