புக்கிட் பிரவுன் பாலம்: திட்ட வரலாறும் ஆவணப்படுத்தலும்

நகர வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்டவற்றையே சான்றாகக் கொள்வர். அவை எவ்வாறு திட்டமிடப்பட்டன, அத்திட்டம் எங்கே, ஏன் மாற்றம் பெற்றது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. சிங்கப்பூரின் லோர்னி நெடுஞ்சாலையில் உள்ள பாலத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புக்கிட் பிரவுன் 1922ஆம் ஆண்டு நகராட்சியின் சீனர் இடுகாடாகத் திறக்கப்பட்டு, 1973ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்கு ஏறத்தாழ 100,000 கல்லறைகள் இருந்தன. 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம் அந்நிலத்தை எதிர்காலக் குடியிருப்புக்கென ஒதுக்கியது. எனவே, சாலைத் திட்டம் திடீரெனத் தோன்றியதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே வரையறுக்கப்பட்ட நிலப்பயன்பாட்டின் தொடர்ச்சியே அது.

2011 செப்டம்பரில், லோர்னி சாலையின் நெரிசலைத் தணிக்கும் பொருட்டு, ஒவ்வொரு திசையிலும் நான்கு தடங்கள் கொண்ட புதிய சாலை இடுகாட்டின் ஊடே அமையும் என நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. சுமார் 5,000 கல்லறைகள் பாதிக்கப்படும் என மதிப்பிடப்பட்டது. மரபுடைமை ஆர்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் மறுப்புத் தெரிவித்தனர். 2012 மார்ச்சில் திருத்திய வடிவம் வெளியாயிற்று. ஓடைகளும் விலங்குகளின் வழித்தடமும் காக்கப்படும் வகையில், சாலையின் சுமார் 600 மீட்டர் பகுதி பாலமாக மாற்றப்பட்டது. பாதிக்கப்படும் கல்லறைகளின் எண்ணிக்கை 3,746 என அறிவிக்கப்பட்டது. பணி நடந்தபோது அது 4,000ஐத் தாண்டியது. ஆகவே, இப்பாலத்தை ஒரு விவாதத்தின் எழுதப்படாத பதிவாகவும் நாம் வாசிக்கலாம். ஆயினும், அவ்விவாதம் சாலை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மாற்றியதே அன்றி, அமைய வேண்டுமா என்பதை மாற்றவில்லை.

அரசின் ஆதரவுடன், மானிடவியலாளர் ஹுய் இயூ ஃபூங் தலைமையிலான குழு பாதிக்கப்படும் கல்லறைகளை ஆவணப்படுத்தியது. கல்வெட்டுகள், நிழற்படங்கள், சடங்குகள், வாய்மொழி வரலாறுகள் ஆகியன பதிவாயின. சீனர் கல்லறைகளில் மறைந்தோரின் பூர்வீக ஊரும் வழித்தோன்றல்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் இருமருங்கிலும் தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. சீனரின் கல்லறையில் இந்தியக் காவலர் இடம்பெற்றமை, இந்தியவியல் மாணவர்க்கும் அவ்விடம் ஒரு சான்றுக்களம் என்பதைக் காட்டுகிறது.

2013 இறுதியில் அகழ்ந்தெடுக்கும் பணி தொடங்கியது. நெடுஞ்சாலை 2018 அக்டோபரில் ஒரு பகுதியும் 2019 ஏப்ரலில் எஞ்சிய பகுதியுமாகத் திறக்கப்பட்டது.

அந்த ஆவணப்பணி போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும், வழித்தடம் முடிவான பின்னர்த் தொடங்கும் ஆவணம் இழப்பைக் கணக்கிட உதவுமே அன்றி, முடிவை வழிநடத்த உதவாது. கல்லறைகளை முன்னரே அறிந்திருந்தால் வழித்தடம் மாறியிருக்குமா என்பதை இன்று உறுதிபடக் கூறவியலாது. ஆனால், அந்த அறிவு இல்லாத நிலையில் வழித்தடம் வரையப்பட்டதே நாம் பெறும் பாடம். நம் ஊர்களின் பழைய கோயில்கள், பள்ளிகள், இடுகாடுகள் ஆகியவற்றின் ஆவணங்களைத் திட்ட வரைபடம் வெளிவருமுன் தொகுப்பதே ஆய்வாளரும் ஆசிரியரும் ஆற்றத்தக்க பணி என்பது நம் துணிபு.