ஆஃப்-ரோடு பைக்குக்கு ரேடியேட்டர் வந்த கதை

போன மாதம் ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறார், ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகப் போகிறார். "ரேடியேட்டர் முன்னாடி கிரில் போடணுமா? போட்டா வண்டி சூடாகுமா?" இவ்வளவுதான் கேள்வி. இதுக்கு ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. மூடினா காற்று வராது, திறந்து வச்சா கல் வரும். இந்த ஒரு சிக்கலை வச்சே மண்பாதை பைக்குகளின் வரலாற்றில் பாதியைச் சொல்லிடலாம். அதனால ஒரு முழு எபிசோடே எடுத்துக்கிட்டேன்.

ஆரம்பம் இங்கிலாந்தில், யார்க்ஷயரில். ஆல்ஃபிரெட் ஆங்கஸ் ஸ்காட் என்று ஒரு பொறியாளர். 1908 வாக்கில் டூ ஸ்ட்ரோக், ரெட்டை சிலிண்டர் பைக் ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் சிலிண்டர் தலைக்கு மட்டும் தண்ணீர், கீழே வழக்கம்போலக் காற்று. கொஞ்ச காலத்தில் முழு இன்ஜினுக்குமே தண்ணீர் என்று ஆனது. 1912, 1913 ரெண்டு வருடமும் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் ஜெயித்தது ஸ்காட் வண்டிதான்.

அந்த வண்டியில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானா மேலே ஏறும், ஆறினது தானா கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே போதும் என்பது கணக்கு. அதனால ரேடியேட்டர் இன்ஜினைவிட உயரத்தில் இருந்தே ஆகணும். தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரை டேங்குக்கு முன்பக்கம், ஃபோர்க்குக்குப் பின்னால் வைத்தார்கள். ரேடியேட்டர் எங்கே இருக்கணும்னு வடிவமைப்பாளர் முடிவு பண்ணல, இயற்பியல் முடிவு பண்ணுச்சு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

1914இல் இதே ஸ்காட் தன் தொழிற்சாலை ஆட்களுக்கு ஒரு சவால் விட்டார். ஷிப்லியில் இருக்கிற தொழிற்சாலையிலிருந்து யார்க்ஷயர் டேல்ஸ் மலைப்பாதைகள் வழியா பர்ன்சால் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வரணும். 14 பேர் கிளம்பினார்கள், 9 பேர்தான் முடித்தார்கள். ஸ்காட் டிரையல் என்ற பெயரில் அந்தப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. பிரிட்டனின் கடினமான ஆஃப்-ரோடு போட்டிகளில் ஒன்று. எனக்கு இதில் பிடித்த விஷயம், தண்ணீர் குளிர்விப்பை நம்பின ஆள்தான் கல்லும் சேறுமான பாதையில் ஒரு போட்டியையே ஆரம்பித்திருக்கிறார் என்பது. (மனுஷன் கடைசி வரைக்கும் அப்படித்தான். 1923இல் பாதாளக் குகை ஒன்றுக்குப் போய்விட்டு நனைந்த துணியோடு வண்டி ஓட்டி வந்தார், நிமோனியா வந்து 48 வயதில் இறந்துபோனார்.)

ஆனா மண்பாதை உலகம் ஸ்காட் பின்னாடி போகல. அடுத்த ஐம்பது அறுபது வருடம் காற்றுதான் ராஜா. காரணம் புரிஞ்சுக்கிறது சுலபம். சிலிண்டரைச் சுற்றி அலுமினியத் தகடுகள், அவ்வளவுதான். ஓட்டை விழாது, ஒழுகாது, கூடுதல் எடை இல்லை. கீழே விழுந்தா ரெண்டு தகடு உடையும், வண்டி வீடு வந்து சேரும். நம்ம ஊர் புல்லட் லடாக் ஏறி இறங்கினதும் இந்த தைரியத்தில்தான். ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தவங்களுக்கும் இது தெரியும். அந்த வண்டியில் ஒழுகறதுக்கு ஒண்ணுமே கிடையாது.

சாலை பைக்கில் தண்ணீர் திரும்ப வந்தது 1971இல், சுசுகி ஜிடி 750 மூலமா. அமெரிக்காவில் அதுக்கு 'வாட்டர் பஃபலோ'ன்னு பெயர், அதாவது நம்ம எருமை. பிரிட்டனில் 'கெட்டில்'. ரெண்டுமே கிண்டல்தான். இதில் பம்ப் இருந்தது. பம்ப் வந்ததும் ரேடியேட்டர் உயரத்தில்தான் இருக்கணும் என்கிற கட்டாயம் போச்சு. எங்கே வேணும்னாலும் மாட்டலாம். சுதந்திரம் கிடைத்ததும், எங்கே மாட்டுறதுன்னு ஒரு புது குழப்பமும் சேர்ந்து வந்தது.

அந்தக் குழப்பம் நல்லாத் தெரிந்த இடம் மோட்டோகிராஸ். 1970களின் கடைசியில் 125 சிசி டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் ரொம்பச் சின்ன இன்ஜினிலிருந்து ரொம்ப அதிக சக்தியைப் பிழிந்தன. முதல் ரெண்டு சுற்று பறக்கும். அரை மணி நேரம் ஓடினதும் சிலிண்டர் சூடேறி சக்தி இறங்கிடும். இன்னும் விரட்டினா பிஸ்டன் சீஸ் ஆகிடும். கிராண்ட் பிரி பந்தயத்தில் ஒரு ஓட்டம் அரை மணிக்கும் மேலே போகும். கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றின் சக்தி வேணும்னா தண்ணீர்தான் வழி.

1981இல் ஜப்பானிய கம்பெனிகள் தண்ணீர் குளிர்விப்பு கொண்ட 125களைக் கடைக்கே கொண்டுவந்தன. யமஹா ஒய்இசட் 125 எச் மாடலில் ரேடியேட்டர் எங்கே இருந்தது தெரியுமா? ஹேண்டில்பாருக்கு முன்னாடி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி! காகிதத்தில் பார்த்தா அருமையான யோசனை. அதைவிட நல்ல காற்று வண்டியில் வேற எங்கேயும் கிடைக்காது. தரையிலிருந்தும் உயரம், பக்கவாட்டில் விழுந்தாலும் அடிபடாது. ஆனா தண்ணீர் நிரம்பின ஒரு பெட்டியை ஸ்டீயரிங்கில் மாட்டினா என்ன ஆகும்? ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடையையும் சேர்த்துத் திருப்பணும். என் கணிப்பில், ரேடியேட்டரைப் பாதுகாக்க இதுவரைக்கும் கண்டுபிடித்த இடங்களிலேயே சிறந்த இடம் அதுதான். ஓட்டுறவனுக்குத்தான் அது மோசமான இடம். சில வருடங்களிலேயே அந்த ஏற்பாடு மறைந்துபோனது.

அதுக்குப் பதிலா வந்ததுதான் இன்றைக்கும் மோட்டோகிராஸ், எண்டியூரோ வண்டிகளில் நாம் பார்க்கிறது: டேங்குக்கு இடதும் வலதும் ஒவ்வொரு சின்ன ரேடியேட்டர், மேலே பிளாஸ்டிக் மூடாக்கு, முன்னாடி சாய்வா வச்ச பிளாஸ்டிக் பட்டைகள். எடை நடுவில் வந்தாச்சு, காற்றும் வருது. ஆனா இப்போ வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து ரேடியேட்டர் அடி வாங்கும். ஆஃப்-ரோடில் விழாம ஓட்டுறவன் யாரு?

எல்லாரும் உடனே மாறிடல. ஹோண்டாவின் சிஆர் 500, கவாசாகியின் கேஎக்ஸ் 500 எல்லாம் 1985இல் தண்ணீருக்கு மாறின. யமஹா ஒய்இசட் 490 மட்டும் 1990 வரைக்கும் காற்றிலேயே ஓடிச்சு. பாலைவன வண்டிகளில் இன்னும் வேடிக்கை. ஹோண்டா எக்ஸ்ஆர் 650 எல் 1993இல் வந்தது, காற்றுக் குளிர்விப்பு. எக்ஸ்ஆர் 650 ஆர் 2000இல் வந்தது, தண்ணீர், ரெண்டு ரேடியேட்டர். புதுசு 2007இல் நின்றுபோனது. பழையது அதுக்கு அப்புறமும் பல வருடம் விற்பனையில் இருந்தது. நீண்ட தூரம் தனியாகப் போகிறவர்களில் பலர், சக்தி குறைஞ்சாலும் பரவாயில்லை, ஒழுகாத வண்டி போதும்னு முடிவு பண்ணினார்கள். அதை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

டாக்கர் ராலியிலும் இதே கதைதான். 1979இல் முதல் பாரிஸ்-டாக்கரை சிரில் நவு ஜெயித்தது யமஹா எக்ஸ்டி 500இல், காற்றுக் குளிர்விப்பு. அப்புறம் பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் இன்ஜின்கள், அதுவும் காற்று. 1986இலிருந்து 1989 வரை தொடர்ந்து நாலு வருடம் ஜெயித்த ஹோண்டா என்எக்ஸ்ஆர் 750 தண்ணீர் வண்டி. அதன் வழியில் 1988இல் கடைக்கு வந்த ஆப்பிரிக்கா ட்வினில் ரெண்டு பக்கமும் ரெண்டு ரேடியேட்டர். பிஎம்டபிள்யூவின் ஜிஎஸ் பாக்ஸர் தண்ணீருக்கு வர 2013 ஆச்சு.

நடுவில் ஒரு வண்டியைப் பற்றித் தனியா சொல்லணும். கவாசாகி கேஎல்ஆர் 650, 1987இல் வந்தது. உலகம் சுற்றுகிறவர்களின் செல்லப்பிள்ளை. அதில் ஒரே ரேடியேட்டர், இடது பக்கம். வண்டி வலது பக்கம் விழுந்தா சிரிச்சுக்கிட்டே தூக்கலாம். இடது பக்கம் விழுந்தா முதலில் குனிஞ்சு பச்சைத் தண்ணி சொட்டுதான்னு பார்க்கணும். இந்த வண்டிக்காகவே வெல்டிங் தெரிந்தவர்கள் குழாயையும் அலுமினியப் பட்டையையும் வளைத்து ரேடியேட்டரைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள். அப்படிப்பட்ட கூண்டுகளை விற்கிறது ஒரு தனித் தொழிலாவே வளர்ந்தது. கம்பெனி விட்ட வேலையை கொட்டகை முடிச்சு வச்சது.

நேயரின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்குது. ரேடியேட்டருக்கு ஆபத்து ரெண்டு வகை. ஒண்ணு, முன்சக்கரம் வாரி எறியும் கல். இன்னொண்ணு, விழும்போது வரும் முறுக்கு. கிரில் முதலாவதைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் ரேடியேட்டர் இருக்கிற எண்டியூரோ வண்டிக்கு முன்னாடி எவ்வளவு அழகான வலை போட்டாலும், பாறை மேல சாய்ந்தா ரேடியேட்டர் முறுங்கிடும். அதுக்குத் தேவை பின்பக்கமும் பக்கவாட்டும் தாங்குற பிரேஸ், அதாவது அடியை ஃபிரேமுக்குக் கடத்துற ஒரு சட்டம்.

ஹிமாலயன் 450 வேற ரகம். 2016இல் வந்த 411இல் ஆயில் கூலர் மட்டும்தான். 2023 நவம்பரில் வந்த 452 சிசி 'ஷெர்பா' இன்ஜின்தான் சென்னைக்காரர்களான ராயல் என்ஃபீல்டின் முதல் தண்ணீர் குளிர்விப்பு இன்ஜின். அதில் ரேடியேட்டர் நடுவில், இன்ஜினுக்கு முன்னாடி, 21 அங்குல முன்சக்கரத்துக்கு நேர் பின்னால். இந்த வண்டி பக்கவாட்டில் விழுந்தா முதல் அடி கிராஷ் கார்டுக்கும் ஹேண்டில்பாருக்கும்தான். கல்தான் இங்கே எதிரி. அதனால இவருக்கு கிரில் சரியான பொருள். போடுங்க.

ஆனா எந்த கிரில்? கொசுவலை மாதிரி நெருக்கமா இருக்கிறது வேண்டாம். ரேடியேட்டரின் ஃபின்னைக் கிழிக்கிற அளவு கல்லை நிறுத்தினா போதும், மணலை நிறுத்த வேண்டியதில்லை. நெருக்கமான வலையில் சேறு ஒட்டிக் காய்ந்தா அது சுவர் மாதிரி ஆகிடும். கிரிலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கணும். இல்லாட்டி கல் கிரிலை வளைச்சு அதே ஃபின்னில் குத்தும். சாயங்காலம் தங்குற இடத்தில் மெதுவா தண்ணி ஊத்திக் கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடிச்சா ஃபின் எல்லாம் படுத்துடும். கல் செய்யாததை நாமே செய்த மாதிரி ஆயிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருக்கிறதில் சுமார் 60 சதவீதம்தான். ரேடியேட்டரைத் தொட்டுப் போகிற காற்று அந்த அளவுக்கு மெலிசு. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதிக்கும். நம்மைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டா வெறும் தண்ணீர்கூட கடல் மட்டத்தில் 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். 5,000 மீட்டரில் அதே மூடியோடு சுமார் 114. இன்ஜினும் அங்கே குறைந்த சக்தியைத்தான் தருது, அதனால சூடும் குறையும். ஆனா லாரிக்குப் பின்னாடி முதல் கியரில் ஊர்ந்துக்கிட்டுப் போகும்போது இந்த இடைவெளி சட்டுனு சுருங்கும்.

இதனாலதான் எண்டியூரோ ஆட்கள் 1.8 பார் மூடி வாங்கி மாட்டுறாங்க. கொதிநிலை சுமார் 130க்குப் போகும். ஆனா அந்த மூடி ஒரு டிகிரிகூடக் குளிர வைக்கிறதில்லை, கொதிக்கிறதைத் தள்ளிப் போடுது, அவ்வளவுதான். அந்த அழுத்தத்தை பழைய ஹோஸும் கிளிப்பும் தாங்கணும். மலிவான மேம்பாடு என்பதால எல்லாரும் முதலில் இதைத்தான் செய்றாங்க. என்னைக் கேட்டா முதலில் ஹோஸ், அப்புறம் ஃபேன், கடைசியா மூடி. மோட்டோகிராஸ் வண்டிகள் பலவற்றில் ஃபேனும் கிடையாது, வழியுற கூலன்ட்டைப் பிடிக்க டப்பாவும் கிடையாது, நேரா தரையில்தான் கொட்டும். அந்த வண்டியைக் காட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்க இது ரெண்டையும் சேர்க்கிறது நியாயமான செலவு. ஹிமாலயனில் ஃபேன் கம்பெனியிலேயே வருது. மூடியைத் தொடாதீங்க.

எல்லாம் செய்தும் ஓட்டை விழுந்தா? ரெண்டு ரேடியேட்டர் வண்டியில் ஒரு பழைய வித்தை இருக்கு. உடைந்த ரேடியேட்டரைச் சுற்றுப்பாதையிலிருந்து கழற்றி, ஹோஸை நேரா இணைச்சிட்டு, மிச்சமிருக்கிற ஒண்ணை வச்சு மெதுவா ஊர் வந்து சேரலாம். ஒரே ரேடியேட்டர் வண்டியில் அந்த வழி இல்லை. எம்-சீல் ஒரு பாக்கெட் எடுத்துக்குங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகு, மூடியைத் திறந்து அழுத்தத்தை எடுத்துட்டு, இடத்தைத் துடைச்சுக் காய வச்சு அப்பணும். அப்புறம் மூடியைத் தளர்வா வச்சு அழுத்தம் ஏறாம ஓட்டினா அடுத்த ஊர் வரைக்கும் தாங்க வாய்ப்பு இருக்கு. நம்ம ஊர் அம்பாசிடர், லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டு ஒழுக்கை நிறுத்தினதைப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. அது கதை இல்லை, சின்ன ஓட்டைக்கு வேலை செய்யும். ஆனா அது அகலமான குழாய்கள் உள்ள பழைய ரேடியேட்டருக்கு. இன்றைய பைக் ரேடியேட்டரில் வழிகள் ரொம்ப ஒல்லி, மஞ்சள் ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னாடி வழியை அடைச்சிடும். மஞ்சள் டப்பா சமையல் மூட்டையிலேயே இருக்கட்டும்.

ஸ்பிட்டி போயிட்டு வந்து எழுதுங்க சார். அடுத்த எபிசோடில் ஸ்போக் சக்கரம்.