மீனுக்கு மருந்து, பவழத்துக்கு நஞ்சு

அத்திப்பட்டிலோ இராயபுரத்திலோ கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வாசகரே, மீனின் உடலில் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகளைக் கண்டதுண்டா? அது கிரிப்டோகாரியான் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1909-இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது இதற்குப் பெயரே இல்லை. ஜப்பானில் சிகாமா 1937-இல் இதனை விவரித்தார். இப்பெயர் 1951-இல் சூட்டப்பட்டது.

மயில்துத்தத்திலுள்ள தாமிரம், நீந்தித் திரியும் இளம் ஒட்டுண்ணியைக் கொல்லும். பவழத்தையும் இறாலையும் கூடக் கொன்றுவிடும்! எனவே மீன்கள் அனைத்தையும் தனித்தொட்டிக்கு மாற்றி, தாமிர அளவை நாள்தோறும் சோதித்து மருந்திடுங்கள். மணலில் கூடுகட்டிய ஒட்டுண்ணிகள் வாரக்கணக்கில் உறங்கும். ஆகவே பவழத்தொட்டி சுமார் 11 வாரம் மீனின்றி இருக்கட்டும். ஒட்டிக்கொள்ள உடல் கிடைக்காமல் அவை தாமே மடியும்.