‘நோ-கோ ஏரியா’: சிவப்புப் பலகை வேறு, வாய்ப்பேச்சு வேறு

கெலுகோர் – “அந்தப் பக்கம் போகாதே, அது நோ-கோ ஏரியா” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியார் நுழையக்கூடாத, அல்லது நுழைய அஞ்சுகிற இடம் என்பது அதன் பொருள். இந்த ‘அல்லது’வில்தான் சிக்கல்.

இச்சொல் உலகெங்கும் பரவியது வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில். 1969 முதல் டெர்ரி நகரின் சில குடியிருப்புகளில் மக்களே தடுப்பு எழுப்பிப் போலீசை உள்ளே விட மறுத்தனர். 1972 ஜூலை 31-இல் பிரிட்டிஷ் இராணுவம் அத்தடுப்புகளை அகற்றியது. அதாவது, அங்கே நுழைய முடியாமல் நின்றவர்கள் அதிகாரிகள்!

இராணுவத்தினர் தங்களுக்குத் தடை செய்யப்பட்ட இடத்தை வேறு விதமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷாருக்கு அது ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’, அமெரிக்கர்களுக்கு ‘ஆஃப் லிமிட்ஸ்’. கெலுகோர் மின்டன் வளாகமும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ முகாம்தான். 1971-இல் அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் குடியேறியது.

நம் நாட்டில் சட்டம் பேசுவது ‘கவாசான் லாராங்கான்’ என்ற சிவப்புப் பலகையின் வழியே. துப்பாக்கி ஏந்திய வீரரும் கைதூக்கி நிற்கும் ஆளும் உள்ள அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. தமிழிலும் எழுதியிருப்பார்கள். அதற்கு அடிப்படை 1959-ஆம் ஆண்டின் 298-ஆவது சட்டம். அதன் ஆங்கிலப் பெயரில் ‘புரொடெக்டட்’ என்றே இருக்கிறது. வனவிலங்குச் சரணாலயம் என்று எண்ணிவிட வேண்டாம். அச்சட்டத்தில் ‘பகுதி’யும் ‘இடமும்’ ஒன்றல்ல. தடைப் பகுதியில் இருப்பவர் அதிகாரியின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். தடை இடத்திலோ அனுமதியின்றி நிற்பதே குற்றம்: ஈராண்டு வரை சிறை, 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏதோ ஓர் அடுக்குமாடியை ‘நோ-கோ ஏரியா’ என்று நாம் சொல்லும்போது அதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அங்கே வாழும் குடும்பங்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. வேலை கேட்கப் போகும் பிள்ளை முகவரி சொல்லவும் தயங்குகிறான்.

பினாங்குப் பாலத்திலிருந்து தெற்கே தெரியும் ஜெரஜாக் தீவு உண்மையிலேயே தடை செய்யப்பட்டிருந்த இடம். முதலில் தொழுநோயாளர் குடியிருப்பு. பிறகு, கப்பலில் வந்த நம் முன்னோரையும் தடுத்து வைத்த நோய்த்தடுப்பு நிலையம். 1969 முதல் சிறை. அந்தச் சிறை 1993-இல் மூடப்பட்டது. பின்னர் அங்கே உல்லாச விடுதியே திறந்தார்கள்.